கேட்கும் ஊசியும் கேட்காத ஊசியும்

(கோலாலம்பூர் பங்சாரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியமோ சமயமோ பேசுவது நம்மவர் வழக்கம். இந்த முறை மருத்துவம் பேசலாம் என்றார்கள் அறங்காவலர்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கு முன் போட்டுக்கொள்ள வேண்டிய தடுப்பூசிகள் என்று தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். ஆண்டிறுதி விடுமுறைக்கு இந்த அவையில் பலர் சென்னைக்கோ திருச்சிக்கோ மதுரைக்கோ டிக்கெட் எடுத்திருப்பீர்கள். ஆகவே காலத்துக்கேற்ற தலைப்புதான்.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயணத் தடுப்பூசிகளில் இரண்டு வகை உண்டு. குடிநுழைவு முகப்பில் அதிகாரி கேட்கும் ஊசி ஒன்று. யாருமே கேட்காத ஊசி மற்றொன்று. முதல் வகையை நாம் தவறாமல் போட்டுக்கொள்கிறோம். இரண்டாவதை நினைத்துப் பார்ப்பதும் இல்லை. ஆனால் ஊருக்குப் போய்த் திரும்பும் மலேசியத் தமிழரைப் படுக்கையில் தள்ளும் நோய்களில் முக்கியமானவை அந்த இரண்டாவது வகை ஊசி தடுத்திருக்கக்கூடியவை. இந்த மனப்போக்கு நமக்கு எங்கிருந்து வந்தது, அதை எப்படி மாற்றிக்கொள்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

தோட்டக் காலம்

நாம் கூடியிருக்கும் இந்தப் பங்சார் நூறு ஆண்டுகளுக்கு முன் ரப்பர்த் தோட்டம். புங்கே, கிரிசார் என்ற இரு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர்கள் சேர்ந்துதான் தோட்டத்துக்கும் பிறகு ஊருக்கும் பெயராயின என்பார்கள். இன்று அடுக்குமாடி வீடுகளும் காப்பிக் கடைகளும் நிற்கும் இதுபோன்ற மேடுகளில் அன்று பால் வெட்டியவர்கள் நம் முன்னோர்.

அவர்கள் இந்த நாட்டுக்கு வந்த வழியைப் பாருங்கள். கங்காணி ஊரில் ஆள் சேர்ப்பார். சேர்ந்தவர்களை நாகப்பட்டினத்திலோ, சென்னைக்கு அருகே ஆவடியிலோ இருந்த முகாமுக்குக் கொண்டுவருவார்கள். மருத்துவர் உடலைச் சோதிப்பார். அம்மை குத்துவார்கள். சில நாள் அங்கேயே வைத்துக் கவனித்த பிறகுதான் கப்பல். 1907-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தமிழர் குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் தீர்வை பிரித்து இந்தச் செலவுகளைப் பார்த்துக்கொண்டது. கப்பல் பினாங்கை அடைந்ததும் டெக் பயணிகளை ஜெரஜாக் தீவில் இறக்கி, தொற்றுத் தடுப்பு முகாமில் வைப்பார்கள். கிள்ளான் பக்கம் வந்தவர்களுக்கு போர்ட் சுவெட்டன்ஹாமில் அதே ஏற்பாடு. அறை எடுத்து வந்த பயணிகளுக்கு இத்தனை கெடுபிடி கிடையாது.

யாரைக் காப்பாற்ற இத்தனையும் செய்தார்கள்? பெரியம்மை ஒரு தொழிலாளர் லயத்தில் புகுந்தால் தோட்டமே நின்றுபோகும் என்ற அச்சம்தான் முதல் காரணம். அதனால் தொழிலாளிக்கும் நன்மை விளைந்தது, மறுக்கவில்லை. அம்மை குத்திக்கொண்டவர் பெரியம்மைக்குத் தப்பினார். ஆனால் "உனக்கு இந்த நோய் வரலாம், அதற்காக இந்த ஊசி" என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லிப் போடவில்லை. கையை நீட்டச் சொன்னார்கள், நீட்டினார்.

நோய்க்கும் வருமானத்துக்கும் அன்றிருந்த உறவுக்குக் கிள்ளானே சாட்சி. 1901 செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தது. இரண்டு மாதத்துக்குள் மலேரியா துறைமுகத் தொழிலாளர்களை வாரிப் போட்டது. துறைமுகத்தையே மூடும்படி ஆயிற்று. கிள்ளான் மாவட்ட மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டி நீரை வடித்தார், காட்டை அழித்தார், காய்ச்சல் அடங்கியது. உலகப் பொதுச் சுகாதார வரலாற்றில் கிள்ளானின் பெயர் இடம்பெற்றது இப்படித்தான். துறைமுகம் நின்றதால் கால்வாய் வந்தது. துறைமுகம் இல்லாத இடங்களில், உள்நாட்டுத் தோட்டங்களில், தொழிலாளர்கள் நெடுங்காலம் காய்ச்சலோடுதான் கிடந்தார்கள்.

தோளில் அம்மை குத்திய தழும்போடு வந்தவர்கள்தாம் தோட்டத்துக்குத் தோட்டம் மாரியம்மன் கோயில் எழுப்பினார்கள். ஊசியும் வேண்டும், தாயின் அருளும் வேண்டும் என்று வாழ்ந்தார்கள். நம் மக்கள் இயல்பில் தடுப்பூசிக்கு எதிரிகள் அல்லர் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். நம் குறை வேறு. ஊசி என்பது அதிகாரி கேட்பது, கேட்டால் போட்டுக்கொள்வது, கேட்காவிட்டால் தேவையில்லாதது என்ற பழக்கம் அந்த முகாமிலேயே தொடங்கிவிட்டது.

கப்பலில் வந்த முத்திரை

1938 ஜூனில் இந்திய அரசு மலாயாவுக்கு உதவித்தொகையில் தொழிலாளர் செல்வதைத் தடை செய்தது. ஆனால் போக்குவரத்து நிற்கவில்லை. 1926 முதல் 1973 வரை ஓடிய ராஜுலா கப்பலை இந்த அவையில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று அது ஒரு தலைமுறையையே ஏற்றி இறக்கியது. கடப்பிதழோடு சேர்த்து ஊசிச் சான்றிதழும் பெட்டியில் பத்திரமாக இருக்கும். பெரியம்மைக்கு ஒரு முத்திரை, காலராவுக்கு ஒரு முத்திரை.

அந்த இரண்டு முத்திரைகளின் கதையும் ஒன்றல்ல. பெரியம்மைத் தடுப்பு உறுதியானது. 1977 அக்டோபரில் சோமாலியாவில் ஒருவருக்கு வந்ததே இயற்கையாகப் பரவிய கடைசிப் பெரியம்மை. 1980 மே மாதம் உலகச் சுகாதாரப் பேரவை அந்த நோய் ஒழிந்தது என்று அறிவித்தது. சான்றிதழும் தேவையற்றுப்போனது. மனிதன் முற்றாக ஒழித்த முதல் மனித நோய் அது.

காலரா ஊசியின் நிலை வேறு. அன்றைய ஊசி பாதிப் பேருக்குத்தான் பயன் தரும், அதுவும் சில மாதங்களுக்கு மட்டும். ஊசி போட்டவர் கிருமியைச் சுமந்து செல்வதையும் அது தடுக்கவில்லை. எல்லையில் காலரா பரவாமல் தடுக்க இந்த முத்திரை உதவாது என்று கண்ட உலகச் சுகாதாரப் பேரவை 1973-இல் அந்த விதியை நீக்கியது. அதற்குள் இலட்சக்கணக்கானோர் அந்த முத்திரைக்காக வரிசையில் நின்றிருந்தார்கள்.

இதிலிருந்து ஒன்றை மனத்தில் வையுங்கள். ஒரு நாடு கேட்கிறது என்பதாலேயே அந்த ஊசி உங்களுக்கு முக்கியமானது என்று ஆகிவிடாது. கேட்கவில்லை என்பதாலேயே தேவையற்றது என்றும் ஆகாது. நாடு தன்னைக் காத்துக்கொள்ளக் கேட்கிறது. உங்களைக் காத்துக்கொள்ள நீங்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் மாறிவிட்டது. கப்பல் பயணம் ஏறக்குறைய ஒரு வாரம் நீடிக்கும். சில நோய்களாவது வழியிலேயே தலைகாட்டிவிடும். கப்பல் மருத்துவர் பார்த்துவிடுவார். கரையில் முகாமில் வைத்துக் கவனிப்பார்கள். இன்று திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு ஏறத்தாழ 4 மணி நேரம். டைபாய்டு வெளியே தெரிய ஒன்று முதல் மூன்று வாரம் பிடிக்கும். ஹெபடைட்டிஸ் ஏ என்னும் கல்லீரல் அழற்சி தெரிய நான்கு வாரம் வரை, சில சமயம் அதற்கு மேலும் ஆகும். ஆகவே கிருமியோடு விமானம் ஏறுகிறவர் நல்ல உடல்நிலையோடுதான் கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்தில் இறங்குவார். வாசலில் நிற்கும் அதிகாரியால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. வாசலில் தடுக்கும் காலம் முடிந்தது. புறப்படும் முன் தடுப்பதுதான் இனி வழி.

இன்று கேட்கப்படுபவை

இன்றும் கேட்கப்படும் ஊசிகளில் முதலிடம் மஞ்சள் காய்ச்சலுக்கு. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் கொசு பரப்பும் நோய் அது. மாக்ஸ் தைலர் 1937-இல் உருவாக்கிய தடுப்பு மருந்தே இன்றுவரை பயன்படுகிறது. 1951-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரு முறை போட்டால் போதும். 2016 ஜூலை முதல் அந்தச் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும். ஆனால் ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அது செல்லுபடியாகும். கென்யாவில் சிங்கம் பார்க்கப் போகிறவர்கள் முந்தின வாரம் கிளினிக்குக்கு ஓடிவருவதில் பயனில்லை.

நமக்குப் போகும்போது மட்டுமன்றித் திரும்பும்போதும் இந்தச் சான்றிதழ் வேண்டும். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளிலிருந்து வருவோரிடம் மலேசியாவும் கேட்கிறது, இந்தியாவும் கேட்கிறது. சான்றிதழ் இல்லாமல் வந்தால் இந்தியாவில் 6 நாள் வரை தனிமையில் வைப்பார்கள். காரணம் எளிது. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் வீட்டுப் பூந்தொட்டியிலேயே இருக்கிறது. அதே கொசு மஞ்சள் காய்ச்சலையும் பரப்ப வல்லது. கிருமி மட்டும்தான் ஆசியாவில் இதுவரை வேர்விடவில்லை. 2016-இல் அங்கோலாவில் பெரும் பரவல் ஏற்பட்டபோது அங்கே வேலை செய்த சீனத் தொழிலாளர் 11 பேர் நோயோடு சீனாவுக்குத் திரும்பினார்கள். அங்கே பரவாமல் போனது நல்ல காலம். நைஜீரியாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும் தமிழர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில், புறப்படும் முன் அவர்கள் இந்த ஊசிக்காகக் காத்திருப்பதைப் பார்க்கலாம். 1899-இல் தொடங்கி அம்மைப்பால் தயாரித்த நிலையம் அது.

கேட்கப்படும் ஊசிகளில் இன்னொன்று ஹஜ், உம்ரா பயணிகளுக்கானது. 1987 ஹஜ்ஜின்போது மெனிஞ்சைட்டிஸ் என்னும் மூளை உறை அழற்சி பெரிதாகப் பரவியது. அதன்பின் சவூதி அரசு தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. 2000, 2001-ஆம் ஆண்டுகளில் அந்த ஊசிக்குள் அடங்காத இன்னொரு வகைக் கிருமி யாத்ரீகர்களோடு பல நாடுகளுக்குச் சென்றது. அதனால் 2002 முதல் நான்கு வகைகளையும் தடுக்கும் ஊசி தேவை என்றானது. மஸ்ஜித் இந்தியா பகுதியிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் புறப்படும் நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் இதை நன்றாக அறிவார்கள். எந்தப் பயண முகவரும் ஊசி இல்லாமல் விசா வேலையைத் தொடமாட்டார். கேட்கப்படும்போது நாம் எவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்கிறோம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம்.

கேட்கப்படாத மூன்று

இனி, கேட்கப்படாதவற்றுக்கு வருகிறேன். மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "டாக்டர், நாங்க ஊருக்குத்தானே போறோம், ஆப்பிரிக்காவுக்கா போறோம்?" லண்டனுக்குப் போகிறவர் குளிருக்கு அஞ்சி ஆயிரம் கேள்வி கேட்கிறார். மன்னார்குடிக்குப் போகிறவர் மாமா வீட்டுக்குப் போகிறோம் என்று சும்மா கிளம்புகிறார். உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள்தாம் விடுதியில் தங்கும் சுற்றுலாப் பயணியைவிட நோய்க்கு ஆளாகிறார்கள். இது நம் நாட்டில் மட்டும் கண்டதன்று. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பதிவாகும் டைபாய்டு நோயாளிகளில் பெரும்பாலோர் தெற்காசியாவில் சொந்தபந்தங்களைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். காரணம் புரிந்ததுதான். விடுதியில் தங்குபவர் புட்டித் தண்ணீர் குடிக்கிறார். நாம் அத்தை மொண்டு தரும் தண்ணீரை மறுக்க முடியாது. அவர் ஒரு வாரத்தில் திரும்புகிறார். நாம் கல்யாணம், காதுகுத்து, குலதெய்வப் படையல் என்று ஒரு மாதம் தங்குகிறோம்.

முதலாவது டைபாய்டு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தப் பங்சாரின் லக்கி கார்டனிலும் தெலாவி வீதிகளிலும் வாழை இலைச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. 2009-ஆம் ஆண்டு உணவுத் தூய்மை விதிகளின்படி, அந்தக் கடைகளில் உணவைக் கையாளும் ஒவ்வொரு பணியாளும் மருத்துவச் சோதனைக்கு உட்பட்டு டைபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் சோதனைக்கு வரும் அதிகாரி அபராதம் எழுதுவார். அந்த ஊசியின் பலன் மூன்று ஆண்டு என்பதால் திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்கிறார்கள். இலை போடுகிறவருக்கு ஊசி உண்டு. இலையில் சாப்பிட்டு எழுந்து, மறுவாரம் தஞ்சாவூருக்குப் பறக்கிறவருக்கு இல்லை. ஒரே ஊசி, ஒரே கிளினிக், எளிதில் கிடைக்கக்கூடியது. ஒருவரிடம் கேட்கிறார்கள், மற்றவரிடம் கேட்பதில்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

புதிய வகை டைபாய்டு ஊசியும் வந்துவிட்டது. ஐதராபாத்தில் தயாராகும் ஒரு மருந்தை 2017 இறுதியில் உலகச் சுகாதார நிறுவனம் தகுதி பெற்றதாக ஏற்றது. ஆறு மாதக் குழந்தைக்கும் அதைப் போடலாம். பலனும் கூடுதல் காலம் நிற்கும். இது முன்னைவிட இன்று முக்கியம். 2016 முதல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் பரவிய டைபாய்டுக் கிருமி, வழக்கமாகக் கொடுக்கும் பெரும்பாலான மருந்துகளுக்குப் பணியாதது. மருந்து கைவிடும் காலத்தில் தடுப்புக்கு மதிப்புக் கூடுகிறது.

இரண்டாவது ஹெபடைட்டிஸ் ஏ. அசுத்தமான நீராலும் உணவாலும் பரவி மஞ்சள் காமாலையைத் தருவது. இங்கே தாத்தாவுக்கும் பேரனுக்கும் வழக்கு வரும். "நாங்க கிணத்துத் தண்ணி குடிச்சு வளர்ந்தோம், ஒண்ணும் ஆகல" என்பார் தாத்தா. அவர் சொல்வது அவரைப் பொறுத்தவரை உண்மை. தோட்டத்து லயத்தில் வளர்ந்தவருக்குச் சின்ன வயதிலேயே அந்தக் கிருமி வந்து போயிருக்கும். குழந்தைகளுக்கு வரும்போது பெரும்பாலும் வெளியே தெரிவதே இல்லை. ஒரு முறை வந்தால் உடலில் ஆயுளுக்கும் எதிர்ப்புச் சக்தி நிற்கும். பேரன் பங்சார் கொண்டோமினியத்தில் வடிகட்டிய தண்ணீர் குடித்து வளர்ந்தவன். அந்தக் கிருமியை அவன் உடல் பார்த்ததே இல்லை. இருபத்தைந்து வயதில் முதல் முறையாக அது வந்தால் வாரக்கணக்கில் படுக்கை. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நாடு முன்னேறியதால் வந்த பலவீனம் இது. தாத்தாவின் அனுபவம் பேரனுக்குப் பாதுகாப்பு ஆகாது. ஊசி இரண்டு தவணை. முதல் தவணையே இந்தப் பயணத்துக்குப் போதும். ஆறு மாதம் கழித்துப் போடும் இரண்டாவது, நெடுங்காலத்துக்குக் காக்கும்.

மூன்றாவது வெறிநாய்க்கடி. உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் ரேபிஸால் இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் நெடுநாள் சொல்லி வந்த கணக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தியாவில். அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை. நம் பிள்ளைகள் நாயைக் கண்டால் கட்டிப்பிடிக்கும் பிள்ளைகள். ஊர்த் தெருவில் படுத்திருக்கும் நாய்க்கும் வீட்டு நாய்க்கும் அவர்களுக்கு வேறுபாடு தெரியாது. மலேசியாவிலும் இனி அலட்சியம் கூடாது. 2017 முதல் சரவாக்கில் ரேபிஸ் உயிர்களைப் பறித்து வருகிறது.

இந்த ஊசி என்றாலே பெரியவர்களுக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற நினைவு வரும். அது கசௌலியில் டேவிட் செம்பிள் 1911-இல் உருவாக்கிய முறை. குன்னூர் பாஸ்டர் நிலையம் போன்ற இடங்களிலும் அத்தகைய மருந்தையே தயாரித்தார்கள். அந்தக் காலம் போய்விட்டது. இப்போது தோளில் போடும் ஊசி. பயணத்துக்கு முன் ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசி போட்டுவிட்டால், பிறகு கடிபட்டாலும் இன்னும் இரண்டே ஊசி போதும். முன்கூட்டிப் போடாதவருக்கு ஆழமான கடி என்றால் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் காயத்தில் செலுத்த வேண்டும். தடுப்பூசி தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் இம்யூனோகுளோபுலின் நள்ளிரவில் ஒரு கிராமத்தில் கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது. முன்கூட்டி ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் கடித்தவுடன் செய்ய வேண்டியது ஒன்று: சோப்பும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். மஞ்சளோ மிளகாய்ப்பொடியோ சுண்ணாம்போ வைக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

நாம் கொண்டுபோவது

இதுவரை நமக்கு வருவதைப் பேசினேன். நாம் கொண்டுபோவதும் கொண்டுவருவதும் உண்டு. தட்டம்மை, ஊசி போடாதவரைத் தேடிப் பிடிக்கும் நோய். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது ஊசி போட்டிருந்தால்தான் ஊர் தாங்கும். இந்த நாட்டில் அந்த ஊசியின் முதல் தவணை 9 மாதத்தில் போடப்படுகிறது. தாத்தா பாட்டிக்குக் காட்ட ஆறேழு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும் பெற்றோர், முன்கூட்டி ஒரு தவணை போடலாமா என்று குழந்தை மருத்துவரைக் கேட்க வேண்டும்.

போலியோவும் கதை முடிந்த நோயன்று. இந்தியாவில் கடைசியாக 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் ஒரு குழந்தைக்கு வந்தது. 2014 மார்ச்சில் போலியோ இல்லாத வட்டாரம் என்ற சான்று கிடைத்தது. மலேசியா 27 ஆண்டு போலியோ இல்லாமல் இருந்தது. 2019 டிசம்பரில் சபாவின் துவாரானில் மூன்று மாதக் குழந்தைக்கு வந்துவிட்டது. எல்லை தாண்டும் கிருமிக்கு நாட்டின் பழைய சான்றிதழ் தெரியாது.

2020 ஜூலையில் நடந்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சிவகங்கையிலிருந்து திரும்பிய ஓர் உணவகக்காரர் தனிமைக் கட்டுப்பாட்டை மீறினார். கெடாவில் கோவிட் பரவியது. 45 பேருக்குத் தொற்று. ஐந்து மாதச் சிறையும் 12,000 ரிங்கிட் அபராதமும் விதிக்கப்பட்டன. செய்திகளில் அந்தத் தொற்றுத் தொடருக்குச் சிவகங்கை என்றே பெயர். ஒருவர் செய்த தவற்றுக்கு ஒரு மாவட்டமே நாள்தோறும் பெயர் கெட்டது நம்மில் பலருக்கு வருத்தம் தந்தது. நியாயமான வருத்தம்தான். ஆனால் அன்று தடுப்பூசியே உலகில் கிடையாது. தனிமை ஒன்றே வழி. 2021 பிப்ரவரி 24 அன்று மலேசியாவில் தடுப்பூசி தொடங்கியதும் பிறகு மைசெஜாதெரா செயலியில் சான்றிதழைக் காட்டாமல் ஒரு கடைக்குள்ளும் நுழைய முடியாததும் நினைவிருக்கும். போடாமலே சான்றிதழ் விலைக்கு வாங்கியவர்களும் இருந்தார்கள், கைதுகளும் நடந்தன. முத்திரைதான் முக்கியம், ஊசி அன்று என்ற பழைய எண்ணத்தின் கடைசி எல்லை அது.

ஊசி எட்டாத இடம்

தடுப்பூசி எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் சொன்னால் அது பொய். இங்கிருந்து சில நிமிடத் தொலைவில் இருக்கிறது மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை. 1998 இறுதியில் பேராக்கிலும் பிறகு நெகிரி செம்பிலானிலும் பன்றிப் பண்ணைகளில் மூளைக் காய்ச்சல் பரவியது. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று கருதி அதற்கான ஊசியைப் போட்டார்கள், கொசு மருந்து அடித்தார்கள். சாவு நிற்கவில்லை. 1999 மார்ச்சில் இந்தப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள்தாம் அது வேறொரு புதிய வைரஸ் என்று கண்டார்கள். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அது நிப்பா ஆயிற்று. மலேசியாவில் 105 பேர் இறந்தார்கள். 2018-இல் அது கேரளத்தின் கோழிக்கோட்டில் தலைகாட்டியது. பிரிக்பீல்ட்ஸிலும் பங்சாரிலும் வாழும் நம் மலையாள நண்பர்கள் விடுமுறைக்குப் போகும் ஊர்ப்பக்கம் அது. நிப்பாவுக்கு இன்றும் கடையில் கிடைக்கும் தடுப்பூசி இல்லை. மலேரியாவுக்குப் பயணிகள் மாத்திரையைத்தான் நம்ப வேண்டும். டெங்கிக்குக் கொசுக் கடியைத் தவிர்ப்பதே முதல் காப்பு. ஊசி போட்டாயிற்று என்று சாலையோரத்து ஐஸ் தண்ணீரைக் குடிக்கலாகாது.

ஊசி எல்லாருக்கும் ஒத்துவராது என்பதையும் சொல்ல வேண்டும். மஞ்சள் காய்ச்சல் ஊசி உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்தது. ஒன்பது மாதத்துக்குக் குறைந்த குழந்தைகள், கர்ப்பிணிகள், புற்றுநோய்க்கோ உறுப்பு மாற்றத்துக்கோ மருந்து எடுப்பவர்கள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், அறுபது வயது தாண்டியவர்கள் மருத்துவரோடு பேசி முடிவெடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் ஆலோசனை அதற்கு ஈடாகாது.

செய்ய வேண்டியது

நடைமுறைக்கு வருவோம். விமான டிக்கெட் எடுத்த அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். புறப்பட நான்கு முதல் ஆறு வாரம் இருந்தால் எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு. டைபாய்டு ஊசி வேலைசெய்ய இரண்டு வாரம் வேண்டும். ரேபிஸ் ஊசிகளுக்கு ஒரு வார இடைவெளி வேண்டும். நேரம் போய்விட்டது என்று விட்டுவிடவும் வேண்டாம். ஹெபடைட்டிஸ் ஏ ஊசி கடைசி வாரத்தில் போட்டாலும் பயன்படும். எந்த ஊர், நகரமா கிராமமா, எத்தனை நாள், எங்கே தங்குவீர்கள், யார் யார் வருகிறார்கள் என்ற ஐந்தையும் சொல்லுங்கள். "இந்தியா போகிறேன்" என்று மட்டும் சொன்னால் மருத்துவரால் சரியாகச் சொல்ல முடியாது. பிள்ளைகளின் பழைய ஊசி அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். வயதானவர்களைக் காசி, இராமேசுவரம் என்று அழைத்துப் போகிறவர்கள் சளிக்காய்ச்சல் ஊசியையும் கேளுங்கள். கூட்டத்தில் முதலில் விழுகிறவர்கள் அவர்கள்தாம்.

செலவு உண்டு. பயண ஊசிகள் பெரும்பாலும் தனியார் கிளினிக்கில் காசு கொடுத்துப் போடுபவை. நாலு பேர் குடும்பத்துக்கு அது சிறிய தொகை அல்ல என்பதை நான் அறிவேன். எல்லாவற்றையும் ஒரே முறையில் போட முடியாதவர்கள், எது முதலில் என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். ஊருக்கு எடுத்துப்போகும் பெட்டியில் சாக்லேட்டுக்கும் தைலத்துக்கும் ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்தால், ஊசிக்குப் பணம் இல்லை என்று நம்மில் பலர் சொல்ல முடியாது.

தனி மனிதர்களோடு இது நிற்கலாகாது. சபரிமலைக்குக் குழு சேர்க்கும் குருசாமிகளே, அறுபடை வீட்டுச் சுற்றுலா நடத்தும் பயண முகவர்களே, விடுமுறைப் பயணம் ஏற்பாடு செய்யும் கோயில் நிர்வாகத்தினரே, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பயண அறிவிப்பில் புறப்படும் நேரத்தையும் பெட்டியின் எடையையும் அச்சிடுகிறீர்கள். அதற்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: "ஆறு வாரத்துக்கு முன் மருத்துவரைப் பார்க்கவும்." உம்ரா குழுக்கள் ஊசி இல்லாமல் ஒருவரையும் ஏற்றுவதில்லை. மற்ற குழுக்களும் குறைந்தது கேள்வியையாவது கேட்கலாம். கேட்டால் நம் மக்கள் போட்டுக்கொள்வார்கள் என்பதை நூறாண்டு வரலாறு காட்டுகிறது.

நாகப்பட்டினத்தில் கையை நீட்டியவர்களுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்ததில்லை. நமக்கு இருக்கிறது. அந்த உரிமையை மறுப்பதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டாம். கேட்டுப் பெறுவதற்கும் பயன்படுத்துங்கள். இந்த விடுமுறைக்கு டிக்கெட் எடுத்துவிட்டவர்கள் நாளைக் காலை கிளினிக்கைக் கூப்பிட்டு நேரம் வாங்குங்கள்.